கருவாடா, காறிய எண்ணெயா? கிச்சன் அலமாரி வாடையைத் துரத்தும் முன்

கேள்வி இது: "வாடகை ஃபிளாட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. கிச்சன் அலமாரி, டிராயர் எதைத் திறந்தாலும் கருவாடும் பழைய மசாலாவும் கலந்த மாதிரி ஒரு வாடை. முன்பு இருந்தவர்கள் கருவாடு வைத்திருந்தார்கள் என்று ஹவுஸ் ஓனர் சொல்கிறார். வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து துடைத்தேன். எலுமிச்சைத் தோல், காபித்தூள் எல்லாம் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் அடங்குகிறது, மறுபடி வந்துவிடுகிறது. இப்போது எங்கள் அரிசி, பருப்பிலும் ஏறிவிட்டது. என்னதான் செய்வது?"

எனக்கு கிச்சன் அலமாரி செய்து மாட்டுவதுதான் தொழில், இருபது வருடமாக. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் போதும், "அண்ணே, கப்போர்டு நாறுது" என்று போன் வர ஆரம்பித்துவிடும். போய்ப் பார்த்து, கழற்றி, துடைத்து, சில இடத்தில் பலகையையே மாற்றிக் கொடுத்து, கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஏன், எதற்கு என்கிற விளக்கம் மட்டும் என்னுடையது இல்லை. என் மனைவி பள்ளியில் வேதியியல் எடுக்கிறார். நான் வீட்டுக்கு வந்து புலம்பியதற்கெல்லாம் அவர் சொன்ன பதில்கள் அவை.

நீங்கள் செய்ததில் தப்பு இரண்டு. ஒன்று, வினிகரையும் சோடாவையும் கலந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெரிய தப்பு, வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே வைத்தியம் ஆரம்பித்தது. மூக்குக்கு வாடை காற்றில் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் அது குடியிருப்பது பலகையில்தான். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்திலும், மைக்கா ஒட்டாத பச்சைப் பலகையிலும், எங்கோ விழுந்து கிடக்கிற ஒரு துணுக்கிலும் இருந்துகொண்டு, கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் எலுமிச்சைத் தோல் வைத்து அந்தக் காற்றைத்தான் மணக்கச் செய்தீர்கள். தோல் காய்ந்தது, பழைய ஆள் திரும்ப வந்துவிட்டார்.

கருவாடு விஷயத்தில் ஹவுஸ் ஓனர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். எந்த வீட்டில் வாடை என்றாலும் முதல் பழி கருவாட்டின் மேல்தான் விழுகிறது. நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் குற்றவாளி வேறு: காறிப்போன எண்ணெய், பெருங்காய டப்பா, சிங்க் அடியில் சொட்டுகிற பைப், டிராயருக்குப் பின்னால் விழுந்த காய்.

பெரம்பூர் பக்கம் ஒரு வீடு. அம்மா மூன்று தடவை எல்லாவற்றையும் கழுவிவிட்டார்கள், வாடை போகவில்லை. "மீன் வாடைதான் தம்பி, நாங்க மீனே சமைக்கிறதில்ல, முன்னாடி இருந்தவங்க வேலை" என்றார்கள். நான் போய்க் கீழ் டிராயரை முழுக்க வெளியே எடுத்தேன். டிராயர் ஓடுகிற தடம் சாதாரண பால்-பேரிங் சானல் என்றால் இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக்கில் சின்ன நாக்கு மாதிரி ஒன்று இருக்கும். ஒரு பக்கம் அதை மேலே தூக்க வேண்டும், மறுபக்கம் கீழே அமுக்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் டிராயர் கையோடு வந்துவிடும். இது தெரியாததால் பல வீடுகளில் மாட்டின நாளிலிருந்து டிராயரைக் கழற்றியதே கிடையாது. டிராயரின் பின்பக்கத்துக்கும் பெட்டியின் முதுகுக்கும் நடுவே இரண்டு அங்குலம் சந்து இருந்தது. அதில் ஒரு உருளைக்கிழங்கு. கறுத்து, தண்ணீராக ஒழுகி, பிறகு காய்ந்து பலகையோடு பலகையாக ஒட்டியிருந்தது. அழுகின உருளைக்கிழங்கு செத்த மீன் மாதிரி நாறும் என்று அன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. அந்தக் கிழங்கு அவர்கள் வாங்கினதுதான்.

ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். ஒரு சாமான்கூட உள்ளே இருக்கக் கூடாது. எடுத்த சாமான்களை ஹாலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியிலோ டிரங்குப் பெட்டியிலோ போட்டு மூடி வையுங்கள். காலியான அலமாரிகளையும் மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் எழுந்ததும் மோந்து பார்க்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருந்த மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போயிருக்கும். பால் வாங்கவோ நடக்கவோ வெளியே போய் ஒரு கால் மணி நேரம் கழித்து வாருங்கள். வந்த சூட்டோடு ஒவ்வொரு கதவாகத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். எது எது வீசுகிறதோ அதில் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு அட்டைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். சில வீடுகளில் அலமாரி சுத்தமாக இருக்கும், பெட்டிதான் நாறும். அப்படியானால் பிரச்சினை உங்கள் டப்பாக்களில் இருக்கிறது, பலகையில் இல்லை. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நம்மைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள், முகத்தைச் சுளிப்பதிலேயே இடம் தெரிந்துவிடும்.

இப்போது அது என்ன வாடை என்று வாயால் ஒரு பெயர் சொல்லிப் பாருங்கள். நம் மொழியில் இதற்கு நல்ல வசதி உண்டு. கவிச்சி என்றால் மீன், கருவாடு, முட்டை. காறல் அல்லது சிக்கு என்றால் பழைய எண்ணெய், நெய், தேங்காய். நெடி என்றால் மிளகாய், மசாலா. பூசண வாடை என்றால் ஈரம். எல்லாவற்றையும் "ஸ்மெல்" என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் ஒரே மருந்தைத்தான் தேடுவோம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றை அசைக்கவே அசைக்காது.

மருந்துக்கு முன்னால் கழுவல். இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அடுப்புக்குப் பக்கத்து மேல் அலமாரியின் உள்ளே, தட்டின் மேல்புறத்தில் இல்லை, கூரை மாதிரி இருக்கிற அடிப்புறத்தில் அழுத்தி ஒரு இழுப்பு இழுங்கள். பஞ்சு வெளிர் மஞ்சளாக, தொட்டால் பிசுக்கென்று வரும். மோந்து பாருங்கள். தாளிப்பு எண்ணெய் ஆவியாகப் போய் ஒட்டி, காற்றுப்பட்டு, வருடக்கணக்கில் வார்னிஷ் மாதிரி இறுகின படலம் அது. மிளகாய் நெடி, மீன் வாடை, பெருங்காயம் எல்லாம் எண்ணெயில் கரைகிற சாமான்கள் என்பதால் அந்தப் படலம் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எல்லோரும் துடைப்பது தட்டின் மேற்புறத்தை மட்டும்தான். அடிப்புறம், கதவின் உள்முனை, கீல் உட்கார்கிற வட்டக் குழி, தட்டைத் தாங்குகிற ஆணிக்காகப் போட்ட வரிசை ஓட்டைகள், சானலின் கிரீஸ், டிராயரின் அடிப்பலகை, எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிற மெல்லிய பேக் பிளை, இவை யார் கையும் படாத இடங்கள். கிரீஸில் ஒட்டிக்கொண்ட மிளகாய்த்தூளும் சாம்பார்பொடியும் கறுப்புக் களி மாதிரி இருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் பொடி, துணுக்கு, கரப்பான் முட்டை எல்லாவற்றையும் தள்ளி எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் பாத்திரம் தேய்க்கிற திரவம் ஒரு ஸ்பூன், துணிக்குப் போடுகிற சலவை சோடா ஒரு டீஸ்பூன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சலவை சோடா தோலை அரிக்கும். துணியை இதில் நனைத்து ஒட்டப் பிழிந்து துடையுங்கள். ஒட்டப் பிழிந்து என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் ஓரத்தில் தண்ணீர் குடித்தால் ரொட்டி மாதிரி உப்பிவிடும், உப்பினது திரும்பாது. ஒரு சுற்று துடைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு இன்னொரு சுற்று, பிறகு வெறும் தண்ணீர்த் துணி, உடனே உலர்ந்த துணி. அலுமினியக் கைப்பிடி, அலுமினிய அலமாரி என்றால் சலவை சோடா வேண்டாம், கறுத்துப் போகும். அங்கே பாத்திர திரவம் மட்டும். துடைத்து முடித்ததும் கதவுகளைத் திறந்து போட்டு ஃபேன் காற்று ஒரு நாள் முழுக்க.

நிறைய வீடுகளில் இதோடு முக்கால்வாசி போய்விடுகிறது. மிச்சம் நிற்பதற்குத்தான் மருந்து.

கவிச்சிக்குப் புளிப்பு. கடல் மீனின் சதையில் வாசனையே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை ட்ரைமெத்தில் அமீன் என்ற பொருளாக மாற்றுகிறது. நாம் மீன் வாடை என்று சொல்வதில் பெரும் பங்கு அதுதான். அது காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டதும் உப்பாக மாறிவிடும், உப்பு காற்றில் பறக்காது, மூக்குக்கு வராது. மீன் குழம்புக்குப் புளி, மீன் கழுவின சட்டிக்கும் கைக்கும் புளிக்கோது, வறுத்த மீனுக்கு எலுமிச்சை என்று நம் அம்மாக்கள் செய்ததெல்லாம் இதே வேதியியல்தான். அலமாரிக்குப் புளி கறை பிடிக்கும், அதனால் வெள்ளை வினிகர். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதம் அமிலம். சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுக்காமல் அப்படியே காயவிடுங்கள். வினிகர் வாடை அன்று மாலைக்குள் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளிலும், ஏன், இப்போது கட்டுகிற பல வீடுகளிலும் அலமாரியின் தட்டு கடப்பா கல்லாக இருக்கும். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. வினிகர், எலுமிச்சை, புளி எது பட்டாலும் பாலிஷ் போய் வெள்ளையாகத் திட்டு விழும். மார்பிளுக்கும் அதேதான். கருங்கல் கிரானைட்டுக்கு அவ்வளவு பயமில்லை. சந்தேகமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரை கிளம்பினால் நிறுத்திவிடுங்கள். கடப்பா கல் எண்ணெயையும் குடிக்கும். அதற்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் தோசைமாவு பதத்துக்குக் குழைத்து, வாடை வீசும் இடத்தில் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஒரு ராத்திரி விட்டு, காய்ந்ததும் சுரண்டி எடுத்துத் துடையுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகும்.

காறலுக்கு இதற்கு நேர் எதிர். எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுக் கெடும்போது உண்டாகிறவற்றில் அமிலங்களும் உண்டு. நெய், வெண்ணெய் சிக்கு எடுக்கிற வாடை முக்கால்வாசி அமில வாடைதான். அதற்கு ஆப்பசோடா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி கரைத்துத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீர்த் துணி. ஆனால் எண்ணெய் வைத்த இடத்தில் பாட்டிலின் அடிவட்டம் பலகையில் பதிந்திருந்தால் அதைத் துடைப்பதைவிடச் சுரண்டுவது உத்தமம். பழைய ஏடிஎம் கார்டு போதும். நல்லெண்ணெயில் இயல்பாகவே காறாமல் காக்கிற பொருட்கள் இருப்பதால் அது சீக்கிரம் கெடாது. கடலை எண்ணெய் பாட்டிலின் மூடியையும் கழுத்தையும் ஒரு தடவை மோந்து பாருங்கள், உள்ளே எண்ணெய் நன்றாக இருந்தும் கழுத்தில் காய்ந்தது காறியிருக்கும்.

இப்போது புரிகிறதா, வினிகரையும் சோடாவையும் கலந்தது ஏன் வீண் என்று? ஒன்று அமிலம், ஒன்று காரம். கலந்ததும் நுரைத்துக்கொண்டு கிளம்புவது கார்பன் டை ஆக்சைடு. நுரை அடங்கின பிறகு கிண்ணத்தில் இருப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். பார்க்கப் பெரிய வேலை நடக்கிற மாதிரி இருக்கும், அடைத்த சிங்க் ஓட்டையைக் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஒன்றைப் போட்டுத் துடைத்து, காய்ந்து, பிறகு தேவையானால் மற்றொன்று. சேர்த்து அல்ல. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட இடத்தில் வினிகர் போடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அது வெறும் வாடைப் பிரச்சினை இல்லை, மூச்சுக்கு ஆபத்து.

அடுத்தது பெருங்காயம். கருவாட்டைப் பழிக்கிறவர்கள் வீட்டில் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் அனுபவத்தில் பலகையை விட்டுப் போக மறுப்பதில் முதல் இடம் பெருங்காயத்துக்குத்தான், கருவாட்டுக்கு இல்லை. ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கிற பால் அது. இந்தியாவில் பயிரிடுவதற்கான முயற்சியாக 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் முதல் கன்றை நட்டார்கள். நாம் வாங்குவது அந்தப் பாலோடு மாவும் பிசினும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம். இதன் வாடை கந்தகம் கலந்த பொருட்களிலிருந்து வருகிறது. வினிகரும் சோடாவும் அவற்றை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக்குக்கும் எண்ணெய்ப் பசைக்கும் அவற்றோடு நல்ல ஒட்டுதல். பிளாஸ்டிக் டப்பா வழியாகவே வெளியே வந்து பக்கத்து டப்பா, தட்டு, கதவு எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். டப்பாவைத் தூக்கிப் போட்ட மூன்றாம் மாதம்கூட அந்த மூலை மட்டும் மணக்கும்.

இதற்கு மருந்து காற்று, வெயில், கரி. கழற்ற முடிகிற தட்டையும் டிராயரையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் காலை வெயிலில் இரண்டு மணி நேரம், பிறகு நிழல் காற்றில் சாயங்காலம் வரை. உச்சி வெயிலில் போட்டு மறந்துவிடாதீர்கள், மைக்கா பிரிந்து பலகை வளையும். கம்பிக் கூடைகளை வெந்நீர் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டால் அன்றோடு முடிந்தது. எவர்சில்வருக்கு வாடையைப் பிடித்துவைக்கிற குணம் கிடையாது. பெருங்காய பிளாஸ்டிக் டப்பாவைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், குப்பைக்கு. பிறகு வாங்குவதைக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கமான மூடியோடு போட்டு, அந்தப் பாட்டிலை ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வையுங்கள். பூண்டுப்பொடி, கறிமசாலா, வறுத்து அரைத்த குழம்புப்பொடி எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

கரி என்றது அடுப்புக் கரியை அல்ல. அதுவும் கொஞ்சம் வேலை செய்யும், ஆனால் நிறைய வைக்க வேண்டும். ஆக்டிவேட்டட் கார்பன் என்று கேட்டு வாங்குங்கள். வண்ண மீன் விற்கிற கடையில் தொட்டி ஃபில்டருக்கென்று கிலோக் கணக்கில் கிடைக்கும். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவி விட்டு, உள்ளே கோடானுகோடி நுண்துளைகள் உண்டாக்கின கரி அது. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் செய்து ஏற்றுமதியே செய்கிறார்கள். ஒரு கிராமில் இருக்கிற துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் போகும். வாடை மூலக்கூறு அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொண்டுவிடும். பழைய வேட்டித் துணியில் கால் கிலோ கட்டி, ஒரு அலமாரிக்கு ஒரு மூட்டை, கதவை மூடி இரண்டு வாரம் விடுங்கள். தூசு கறுப்பாகப் படியும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். கிண்ணத்தில் ஆப்பசோடா திறந்து வைக்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. அமில வாடைக்குக் கொஞ்சம் பலன், பெருங்காயத்துக்கு இல்லை. காபித்தூள் மூக்கை ஏமாற்றுவதோடு சரி.

பூசண வாடை வந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், முதலில் தண்ணீரைத் தேடுங்கள். சிங்க் அடியில் வளைந்த பைப்பின் மூட்டுகளில் உலர்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்துக் காலையில் பாருங்கள், நனைந்திருந்தால் அங்கேதான். பேக் பிளைக்குப் பின்னால் சுவர் ஓதம் அடித்திருந்தால் அதைச் சரிசெய்கிற பொறுப்பு வீட்டுக்காரருடையது. போட்டோ எடுத்துக் காட்டுங்கள். இன்னொரு சின்ன விஷயம், கழுவின பாத்திரத்தை ஈரத்தோடு கவிழ்த்து அலமாரியில் அடுக்குகிற பழக்கம். மழைக்காலத்தில் அது ஒன்றே போதும்.

இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரே ஒரு இடம் வீசிக்கொண்டே இருந்தால், அங்கே பலகை பச்சையாக இருக்கிறது என்று அர்த்தம். விலை குறைத்துச் செய்கிற இடங்களில் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி, அடிப்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவார்கள். என் தொழில்காரர்களைத்தான் சொல்கிறேன். எண்ணெயும் வாடையும் அதில் உள்ளே இறங்கிவிட்டால் துடைத்து எடுக்க முடியாது, உள்ளேயே வைத்துப் பூட்டத்தான் முடியும். பூட்டுவதற்கு நல்ல சாமான் நம்முடைய பழைய அரக்குப் பாலிஷ், பிரெஞ்சு பாலிஷ் என்பது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அரக்குச் செதில் போட்டு ராத்திரி முழுக்கக் கரையவிட்டு, வடிகட்டி, 220 நம்பர் உப்புத்தாள் தேய்த்த பலகையில் இரண்டு கை அடித்தால் வாடை மேலே வராது. தண்ணீரில் கரைகிற பெயிண்ட் அடித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் பெயிண்டைத் தாண்டி வந்துவிட்டது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும். சிலிண்டரை மூடி, அடுப்பையும் விளக்கையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் இந்த வேலை. வாடகை வீடு என்பதால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உட்புறம்தானே, யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

உங்கள் அரிசி, பருப்புக்கு வருகிறேன். முழுத் தானியத்தில் ஏறின வாடை மேலோட்டம்தான். முறத்தில் பரப்பி நிழல் காற்றில் அரை நாள் வைத்து, சமைக்கும்போது வழக்கத்தைவிட இரண்டு தண்ணீர் கூடக் களைந்தால் சரியாகிவிடும். மைதா, ரவை, டீத்தூள், காபித்தூள் இவை வாடையை உறிஞ்சிக்கொண்டால் விடாது. ஒரு கப் டீ போட்டுப் பாருங்கள், குடிக்க முடியவில்லை என்றால் போகட்டும்.

செய்யக் கூடாத இன்னொன்று, நாப்தலீன் உருண்டை. துணி அலமாரியில் வைக்கிற அதை கிச்சனில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விஷம். அதன் ஆவி உணவில் ஏறும். சிலவகை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே உடைத்துவிடும். வாடையும் கருவாட்டைவிட மோசமாக மாதக்கணக்கில் நிற்கும். மூடின அலமாரிக்குள் சாம்பிராணி காட்டுவது, கற்பூரம் ஏற்றுவது எல்லாம் தீ விபத்துக்கு வழி. ரூம் ஸ்பிரே அடித்தால் கருவாடு பிளஸ் மல்லிகை, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நியூஸ்பேப்பர் விரிப்பதைப் பலர் கேட்பார்கள். எண்ணெயைக் குடிப்பதற்கு நல்லதுதான், ஆனால் அதை வருடக்கணக்கில் விட்டுவைத்தால் அதுவே வாடைக் கிடங்கு, அடியில் கரப்பான் குடும்பம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாற்றுகிற கை இருந்தால் விரியுங்கள். உணவு நேராக அதில் படக் கூடாது, அச்சு மையைப் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-இல் எச்சரித்திருக்கிறது. நான் என் வீட்டில் வெறும் மைக்காவாக விட்டுவிட்டேன், துடைக்கச் சுலபம்.

என் பாட்டி வீட்டில் கிச்சன் அலமாரிக்குக் கதவு இருந்தது, ஆனால் பலகைக் கதவு இல்லை, கம்பி வலை. ஊறுகாய் பீங்கான் ஜாடியில், புளி பானையில், கருவாட்டுச் சட்டி பின்கட்டில் உறியில். எதுவும் அடைபட்டுக் கிடக்கவில்லை. நாம் இன்றைக்கு எல்லாவற்றையும் காற்றே போகாத பெட்டிக்குள் அடைத்து, சாஃப்ட் குளோஸ் கீல் போட்டு மூடிவைக்கிறோம். வலைக் கதவுக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. மளிகை வைக்கிற ஒரு அலமாரிக்கு மட்டும் பேக் பிளையின் மேலே இரண்டு, கீழே இரண்டு ஒன்றரை அங்குல ஓட்டை போட்டு வலை மூடி மாட்டச் சொல்லுங்கள். எந்த ஆசாரியும் அரை மணி நேரத்தில் செய்வார். அலமாரியின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தால் ஓட்டையைக் கதவில் போட வேண்டும்.

எல்லாம் முடிந்து சாமான்களைத் திரும்ப அடுக்கும்போது ஒரே நாளில் அடுக்காதீர்கள். முதல் நாள் பாத்திரங்கள். இரண்டு நாள் கழித்து அரிசி, பருப்பு. மசாலாப் பொடிகள் அதற்கு அடுத்து. பெருங்காயமும், நீங்களும் சாப்பிடுகிறவர்கள் என்றால் கருவாடும் கடைசியில். கருவாட்டை அலமாரியில் வைக்கவே வேண்டாம், கண்ணாடி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு காலையில் வெளியே போய்விட்டு வந்து ஒரு தடவை மோந்து பாருங்கள். எந்த நாளில் வாடை திரும்புகிறதோ, அன்றைக்கு உள்ளே போனதில் ஒன்றுதான் ஆள்.